கிரேனுக்கு மேலே போன காபி

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் இப்போதெல்லாம் முட்டிவலிக்கு அடுத்தபடியாகப் பேசுவது காபியைப் பற்றித்தான். "டாக்டர் ஒரு வேளையோட நிறுத்தச் சொல்லிட்டார்" என்று ஒருத்தி பெருமூச்சு விடுவாள். "காபி குடிச்சா மனச்சோர்வு அண்டாதாம், படிச்சீங்களா?" என்று இன்னொருவர் கைப்பேசியை நம் மூக்குக்கு நேரே நீட்டுவார். மறுநாள் காலையில் அதே ஆள், காபியால் படபடப்பு வரும், தூக்கம் கெடும் என்று வேறொன்றை அனுப்பிவைப்பார். இரண்டுக்குமே கை கூப்பும் படம் போட்டு நாமும் பதில் அனுப்புவோம்.

இதில் எதை நம்புவது என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குப் படித்துத் தெரிந்ததைவிடப் பார்த்துத் தெரிந்தது அதிகம். எனக்குப் பத்து வயதிருக்கும்போது, ஒரு மழைக்காலம் தொடங்கித் தை பிறக்கும்வரை எங்கள் வீட்டை ஒரு பிளாஸ்க் காபி ஆட்டிவைத்தது. ஆட்டிவைப்பது காபிதான் என்று வீட்டில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அதனால் என் அம்மா வாழாவெட்டியாகப் பிறந்த வீட்டுக்குப் போயிருப்பாள். நூலிழையில் தப்பினாள்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர் எங்களுடையது. அப்பா நெல் பயிரிட்டவர். நிலத்தில் பாதி கம்பெனிகளுக்குப் போனபோது, நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்றார்கள். இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் அப்பா கிரேன் ஓட்டப் போனது அப்படித்தான். ஏர் பிடித்த கை, நிதானமான கை என்று சூப்பர்வைசரே சொன்னாராம். அதைத் திருப்பிச் சொல்லும்போது அப்பா தன் உள்ளங்கையை ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

கிரேன் என்றதும் சாலையில் போகும் வண்டியை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது ஷெட்டின் கூரைக்குக் கீழே, தண்டவாளத்தின் மேல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுவது. அதன் ஓரத்தில் ஒரு தகரக் கூண்டு தொங்கும். அப்பா அதற்குள் உட்கார்ந்து லிவரை நகர்த்துவார். கீழே, உருகிய இரும்பு நிரம்பிய ராட்சத வாளி ஒன்று சங்கிலியில் ஆடாமல் நகர்ந்து போய் அச்சுகளின் மேல் நிற்க வேண்டும். வாளிக்குப் பக்கத்தில் நின்று இப்படி வா, அப்படிப் போ, இறக்கு என்று கையால் ஜாடை காட்டுவதற்கு ஓர் ஆள் இருப்பான். அந்த ஆள் வேறு யாருமில்லை, என் மாமா. அம்மாவின் ஒரே தம்பி. அப்பாதான் அவனை அதே கம்பெனியில் சேர்த்துவிட்டார். கல்யாணமாகாத பையன், கம்பெனிக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கியிருந்தான்.

ஆக, மேலே புருஷன், கீழே தம்பி, நடுவில் நெருப்புக் குழம்பு. அம்மாவின் நிலைமையை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அம்மா திருவள்ளூர்க்காரி. அவள் அப்பா கோர்ட்டில் குமாஸ்தா. அந்த வீட்டில் பல் விளக்கியதும் காபி. எங்கள் வீட்டிலோ காலையில் கூழ், சாயங்காலம் எப்போதாவது டீ. அம்மா கல்யாணமாகி வரும்போது சீர்வரிசையோடு ஒரு பித்தளை ஃபில்டரும் வந்ததாம். "கோர்ட்டு ஊட்டுப் பொண்ணு, கஷாயப் பானையத் தூக்கிக்கினு வந்துட்சி" என்று அத்தை அன்றைக்குச் சொன்னதை அம்மா கடைசிவரை மறக்கவில்லை. அத்தை, அப்பாவின் அக்கா. புருஷனை இழந்து எங்களோடேயே இருந்தாள். தம்பி என்றால் உயிர். தம்பி பெண்டாட்டி என்றால், சொல்லவே வேண்டாம்.

கூண்டில் உட்கார்ந்தவர் நினைத்தபோது இறங்கி வர முடியாது. டீ வேளையில் எல்லோரும் கேண்டீனுக்குப் போக, கிரேன்காரருக்கு மட்டும் மேலேயிருந்து ஒரு கயிறு இறங்கும். கயிற்றின் முனையில் ஒரு பக்கெட். மாமா அதில் பிளாஸ்க்கை வைத்து, துணி சுற்றி, கயிற்றை இரண்டு முறை இழுப்பான். அப்பா மேலே தூக்கிக்கொள்வார். பச்சை உடம்பும் வெள்ளை மூடியுமாக இருந்த அந்த பிளாஸ்க்கை நான் கழுவியிருக்கிறேன். உள்ளே கை போகாது. அரிசியும் வெந்நீரும் போட்டுக் குலுக்கினால் பழுப்பு நிறத் தண்ணீர் வரும். எத்தனை குலுக்கினாலும் வாசனை போகாது.

அந்த வருஷம் ஐப்பசியில் ஒரு செய்தி வந்தது. வேறொரு கம்பெனியில் கிரேன் ஓட்டியவர் கூண்டிலேயே கண்ணயர்ந்துவிட்டார், கீழே நின்றவன் உயிர் போய்விட்டது என்று. உண்மையோ புரளியோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. பால்காரர் சொன்னது, அம்மா அடுப்படியில் நின்றபடியே கேட்டாள். பாலை வாங்கிய பாத்திரத்தைக் கீழே வைக்க மறந்து, கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்றிலிருந்து காபி மாறியது. அதுவரை நாம் எல்லாரும் குடிக்கிற மாதிரிக் காபிதான். அதற்குப் பிறகு ஃபில்டரில் தூள் கழுத்துவரை ஏறியது. பால் குறைந்தது. பால் அதிகமானால் கண்ணைச் சொக்கும் என்று அம்மாவுக்கு ஒரு எண்ணம். முதல் டிகாஷன் முழுவதும் பிளாஸ்க்குக்கு. அம்மாவுக்கு அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கிய, கழுநீர் மாதிரியான இரண்டாவது. மேலே ஏறும்போது ஒன்று, பாதியில் ஒன்று, இறங்குவதற்கு முன்னால் ஒன்று என்று அப்பா அந்த பிளாஸ்க்கைக் காலி செய்துவிட்டு வருவார். வீட்டுக்கு வந்ததும் இன்னொரு டம்ளர் தயாராக இருக்கும். வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும் உடம்பு. அது எப்போது தூங்க வேண்டும் என்று உடம்புக்கே தெரியாது. அதில் இது வேறு.

முதலில் அப்பா சுறுசுறுப்பாகத்தான் இருந்தார். வரும் வழியிலேயே சிரித்துக்கொண்டு வருவார், என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றுவார். அம்மா அத்தையை ஒரு பார்வை பார்ப்பாள். கஷாயப் பானைக்கு அதுதான் பதில்.

கார்த்திகை மாதம் அந்தச் சிரிப்பு போய்விட்டது. ஒரு தட்டு கீழே விழுந்தால் அப்பா துள்ளி எழுவார். கம்பெனியில் சைரன் ஊதினால் முகம் வெளுக்கும். வாசல் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து உட்கார்வார், மறுபடி எழுந்து போய்ப் பார்ப்பார். சவரம் செய்யும்போது தாடையில் கீறல். பனியனில் ரத்தப் பொட்டு. எதற்கெடுத்தாலும் கோபம். நான் வாய்விட்டுப் பாடம் படித்ததற்கு ஒரு நாள் புத்தகத்தைப் பிடுங்கி எறிந்தார். எறிந்துவிட்டு அவரே போய் எடுத்து, மண்ணைத் தட்டி, என் மடியில் வைத்துவிட்டு வெளியே போனார். அவர் அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று எனக்கு இருந்தது.

அம்மா வாயைத் திறந்து எதையும் கேட்கவில்லை. தூக்கம் போதவில்லை, அதனால்தான் இப்படி, தூக்கக் கலக்கத்தில் மேலே ஏறுகிறார் என்று முடிவு கட்டிக்கொண்டாள். தூளை இன்னும் ஒரு கரண்டி கூட்டினாள்.

அத்தைதான் பேசினாள்.

"இவன் மூஞ்சியப் பாத்தா எங்க சித்தப்பன் மூஞ்சி மாரியே கீது" என்றாள் ஒரு நாள், யாரிடமும் இல்லாமல் பொதுவாக. அந்தச் சித்தப்பாவுக்குப் புத்தி பேதலித்து, கொல்லையில் வேப்ப மரத்தோடு சங்கிலி போட்டுக் கட்டிவைத்தார்களாம், அப்படியே செத்துப்போனாராம். அப்பா சின்னப் பையனாக அவருக்குச் சோறு கொண்டுபோய் வைத்திருக்கிறார். அத்தை அதைச் சொன்னபோது அப்பா உள்ளே துணி மாற்றிக்கொண்டிருந்தார். கேட்டிருப்பார்.

பைத்தியம் என்று சொல்ல அத்தைக்கும் மனசு வரவில்லை. அதனால் நம் பக்கத்தில் யாருக்கும் கைவசம் இருக்கும் இன்னொரு காரணத்தை எடுத்தாள். "யாரோ மருந்து வெச்சிட்டாங்க" என்றாள். உங்களில் பலருக்கு விளக்க வேண்டியதில்லை. சாப்பாட்டிலோ குடிக்கிறதிலோ எதையோ கலந்து கொடுத்து ஆளைக் கவிழ்ப்பது. அது வயிற்றில் தங்கி, ஆளை உருக்கும், நடுங்க வைக்கும், தூங்கவிடாது. அதை எடுக்கவும் ஆள் உண்டு.

ஆரம்பாக்கம் தாண்டி, ஆந்திர எல்லைக்குள் ஒரு ஊரில் அப்படி ஒரு அம்மாள் இருந்தாள். அத்தை அப்பாவை அழைத்துப் போனாள். பள்ளிக்கூடம் லீவு என்பதால் என்னையும் கூட்டிப்போனார்கள். அம்மாவை வர வேண்டாம் என்றுவிட்டார்கள். அந்த அம்மாள் அப்பாவின் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். அது துள்ளிய துள்ளலில் அவளே கொஞ்சம் பயந்துவிட்டாள் என்றுதான் இப்போது எனக்குப் படுகிறது. ஏதோ பச்சிலைச் சாறு கொடுத்தாள். அப்பா குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். அவள் அதில் குச்சியை விட்டுக் கிளறி, கறுப்பாக ஒன்றைத் தூக்கிக் காட்டினாள்.

"பாத்துக்கோ நைனா. இதான். இன்னும் வேரு உள்ள கீது. பத்தியம் இருக்கணும். வெளிய பச்சத் தண்ணி வாங்கிக் குடிக்கக் கூடாது. கட்டின பொஞ்சாதி கையால குடுக்கறது மட்டும்தான் வயித்துக்குள்ள போவணும்."

அப்பா வாயைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். அவர் கண்ணில் ஒரு நிம்மதி தெரிந்தது. பைத்தியத்தைவிட மருந்து மேல் அல்லவா.

பத்தியம் ஒழுங்காக நடந்தது. அதுதான் வினை. கேண்டீன் சாப்பாடு நின்றது. கம்பெனிப் பானைத் தண்ணீர் நின்றது. சாப்பாட்டை பக்கெட்டில் ஏற்றி இறக்குவது சிரமம். அதோடு அப்பாவுக்குச் சோறும் இறங்கவில்லை. எனவே ஷிப்ட் முழுக்க வெறும் வயிற்றில், பொஞ்சாதி கையால் போட்ட காபி மட்டும். அம்மா பொன்னேரிக்கு ஆள் விட்டு இரண்டாவது பிளாஸ்க் வாங்கினாள். அடுப்படியில் நின்று அதைத் துடைக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அத்தையின் வைத்தியச்சியே தன் கைக்குப் பட்டம் கட்டிவிட்ட பெருமை.

மார்கழி தொடங்கிய சில நாளில், ஒரு மத்தியானம் மாமா நொண்டிக்கொண்டு வந்தான். ஒரு பேண்ட் கால் முட்டிவரை கருகியிருந்தது. அவனிடமிருந்து வந்த வாடையை நான் என்னென்று சொல்ல? பன்றி சுட்ட வாடை. அம்மா ஓடி வந்தாள்.

"ஒண்ணும் இல்லக்கா. செருப்புதான் போச்சி" என்று மாமா சிரிக்கப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "மச்சான் கை நடுங்குது. வாளி ஒரு வெட்டு வெட்டிச்சி. விளிம்புல தளும்பி எகிறிச்சி. நா ஒரு அடி பின்னால வெச்சதால பொழச்சேன். சூப்பர்வைசரு மச்சான கீழ எறக்கி, வாய ஊதச் சொன்னாரு. எல்லார் முன்னாலயும்."

"அவருதான் குடிக்க மாட்டாரே!"

"நமக்குத் தெரியும். அவருக்கு இன்னா தெரியும்? கை நிக்கற வரைக்கும் ஊட்லயே இருன்னு அனுப்சிட்டாரு."

அப்பா பின்னாலேயே வந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. மாமாவின் காலடியில் குந்தி, கருகிய துணியைத் தொடப் போனார். கை நடுங்கியது. இழுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

அந்த வாரமே திருவள்ளூரிலிருந்து அம்மாவுக்கு ஆள் வந்தது. தங்கைக்குத் தலைப்பிரசவம், கூட இருக்க ஆள் இல்லை. அம்மா கிளம்ப மனசில்லாமல், எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். பேசின் பிரிட்ஜில் இறங்கி ரயில் மாற வேண்டும். அத்தனை தூரத்திலிருந்து கையால் எதைக் கொடுப்பது? அப்பா பத்தியத்தை விடவில்லை. அத்தை வைத்த சோற்றைக்கூடத் தொடாமல், தானே கஞ்சி வைத்துக் குடித்தார். காபி போட அவருக்குத் தெரியாது. அத்தை ஃபில்டரைத் தொடவே மாட்டாள்.

முதல் சில நாள் அப்பா செத்துப் பிழைத்தார். தலைவலி. துண்டை நனைத்து நெற்றியில் இறுக்கிக் கட்டி, வெளிச்சம் படாத மூலையில் சுருண்டுகிடந்தார். ஒருமுறை என்னைக் கூப்பிட்டு, "நான் இல்லாங்காட்டி நீ மாமா சொல்றத கேக்கணும், இன்னா?" என்றார். நான் ஓவென்று அழுதேன். அத்தை மட்டும், "மருந்து எறங்குது, எறங்குது" என்று கற்பூரம் கொளுத்திக்கொண்டிருந்தாள்.

பிறகு தூங்கினார். அப்படி ஒரு தூக்கத்தை நான் பார்த்ததில்லை. கோழி நெஞ்சின் மேல் ஏறி நடந்தால்கூட எழாத தூக்கம். எழுந்தபோது பழைய அப்பா. அத்தை துணி தைக்க ஊசியை வைத்துக்கொண்டு தடுமாறுவதைப் பார்த்து, "குடுக்கா" என்று வாங்கி, நூலை ஒரே தடவையில் கோத்துக் கொடுத்தார். அத்தை அந்த ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். அப்பா கம்பெனிக்குப் போய்க் கையை நீட்டிக் காட்டினார். மறுபடி கூண்டில் ஏற்றினார்கள். மேலே ஏறினவர் நிதானமாக ஓட்டினார் என்று மாமா வந்து சொன்னான்.

அம்மா திரும்பி வந்தாள். கையில் திருவள்ளூரில் வறுத்து அரைத்த புதுத் தூள். வந்த சந்தோஷத்தில் முதல் வேலையாக ஃபில்டரை விளக்கினாள். வீடு முழுக்க மணந்தது. அப்பா இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தார். மறுநாளிலிருந்து இரண்டு பிளாஸ்க்கும் கம்பெனிக்குப் போயின.

அடுத்து என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்த வாரம் முடிவதற்குள் தாடையில் மறுபடி கீறல். தாழ்ப்பாளைப் போய்ப் பார்ப்பது தொடங்கிவிட்டது.

இந்த இடத்தில் அத்தையைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்களும் நானும் அந்த வீட்டில் இருந்திருந்தால் அதைத்தான் நினைத்திருப்போம். பெண்டாட்டி கையால் சாப்பிட்டபோது நடுங்கினான். அவள் ஊருக்குப் போனாள், தெளிந்தான். அவள் வந்தாள், நடுங்குகிறான். கணக்கு சரியாகத்தானே இருந்தது? காபியை யார் சந்தேகப்படுவது? அது கோர்ட்டு வீட்டு மரியாதை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. கம்பெனிக்கு ஞாயிறு கிடையாது. அப்பாவுக்கு மத்தியான ஷிப்ட், மாமாவுக்கும் அதே ஷிப்ட். அம்மா ஒரு பிளாஸ்க்கை நிரப்பி மூடிவிட்டு இரண்டாவதுக்குப் பால் வைத்திருந்தாள். அத்தை உள்ளே போய் அம்மாவின் டிரங்குப் பெட்டியை இழுத்து வந்து வாசலில் வைத்தாள். மாமாவை முன்னாடியே ஆள் அனுப்பி வரவழைத்திருந்தாள். அவன் எதற்கென்று தெரியாமல் வந்து நின்றான்.

"உங்கக்காவ இட்டுக்கினு போ" என்றாள் அத்தை. "எந்தம்பிக்கு மருந்து வெச்சது இவதான். வெளிய ஆரும் இல்ல. அந்த அம்மா இவ கையால துண்ணுன்னு சொல்லிட்சி, அது தெரியாம நாங்களும் குடுத்துக்கினு கீறோம்." அம்மாவின் பக்கம் திரும்பினாள். "நாளைக்கி அவன் கைதவறி வாளிய வுட்டா, செத்துப்போறது உங்கூடப் பொறந்தவன்தான்மே. அது கூடவா உனக்குத் தோணல?"

வேலிக்கு வெளியே நாலைந்து தலைகள் தெரிந்தன. மாமா "இன்னா பேசற நீ!" என்று முன்னால் வந்தான். அம்மா அவனைக் கையால் தடுத்தாள். அப்பாவைத்தான் பார்த்தாள். அப்பா வாசற்படியில் உட்கார்ந்து, கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதை அம்மாவால் மன்னிக்க முடிந்ததா என்று நான் கடைசிவரை கேட்கவில்லை.

அம்மா உள்ளே போனாள். பிளாஸ்க்கோடு வந்தாள்.

"மருந்துதானே அண்ணி? இதுலதானே கீது?" என்று மூடியைத் திறந்தாள். "நானே குடிக்கிறேன். உங்க கண்ணு முன்னாலயே. எனக்கு ஒண்ணும் ஆவலன்னா அப்பறம் பேசுங்க."

மூடியில் ஊற்றி ஊற்றிக் குடித்தாள். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. சூடு நாக்கைப் பொசுக்கியிருக்கும், நிறுத்தவில்லை. கடைசியில் பிளாஸ்க்கைக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டு மண்ணில் விழுந்தது. பிறகு டிரங்குப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

எல்லோரும் காத்திருந்தோம். காகம் கத்தியது. கம்பெனிப் புகை காற்றில் எங்கள் பக்கம் திரும்பியது. அடுப்பில் பால் பொங்கி வழிந்த வாடை வந்தது, யாரும் எழுந்து போகவில்லை. நான் மனசுக்குள் சாமியை வேண்டிக்கொண்டேன், அம்மாவுக்கு ஒன்றும் ஆகக் கூடாது, ஒன்றும் ஆகக் கூடாது என்று.

முதலில் அவள் கால் ஆடத் தொடங்கியது. பெட்டி தகரம் என்பதால் தடதடவென்று சத்தம் கேட்டது. அம்மா முழங்காலை அமுக்கிப் பிடித்தாள். கை ஆடியது. நெற்றியில் வேர்வை. மூச்சு மேலும் கீழும் வாங்கியது. பயமும் சேர்ந்துதான் அப்படிச் செய்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அன்று எங்களுக்கு அது தெரியுமா?

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று அத்தை கூவினாள். "அவ வெச்ச மருந்து அவளையே புடிச்சிக்கிச்சி! இதுக்கு மேல இன்னா சாட்சி வோணும்?"

வேலிக்கு வெளியே ஒருவர் "அடப் பாவமே" என்றார். மாமா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அம்மா தன் கைகளைப் பார்த்தாள். அவை அவளுடையவை இல்லாத மாதிரிப் பார்த்தாள். அவள் முகத்தில் நான் அதற்குமுன் பார்த்திராத ஒன்று வந்தது. தானே தெரியாமல் எதையாவது கலந்துவிட்டோமோ என்ற சந்தேகம். என் அம்மா தன்னையே சந்தேகப்பட்டாள், ஐயா.

அப்பொழுதுதான் அப்பா எழுந்தார். மெதுவாக வந்து அம்மா எதிரில் மண்ணில் குந்தினார். அவள் கைகளைப் பிடிக்கவில்லை, உற்றுப் பார்த்தார். பிறகு தன் கைகளை அக்குளிலிருந்து எடுத்து, அவள் கைகளுக்குப் பக்கத்தில் நீட்டினார். நாலு கையும் ஒரே மாதிரி ஆடின.

"உள்ள இன்னா பண்ணுது?" என்று கேட்டார்.

அம்மா கைகளை முந்தானைக்குள் மறைக்கப் பார்த்தாள்.

"சொல்லுமே. நெஞ்சு ஓடுதா? யாரோ தொரத்திக்கினு வர மாரி?"

"ஆமாங்க."

"இன்னாமோ கெட்டது நடக்கப் போவுது, இப்பவே நடக்கப் போவுதுன்னு இருக்குதா? இன்னான்னு மட்டும் தெரியாம?"

"ஆமாங்க. ஆமா." அம்மா அழத் தொடங்கினாள். "எதையாவது போய்ப் பாக்கணும் மாரி கீது. அடுப்ப அணைச்சனா, கதவ சாத்தினனா... ஒக்கார முடியலங்க."

அப்பா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"எனக்குப் பைத்தியம் இல்லக்கா" என்றார் அத்தையைப் பார்த்து. "எங்க சித்தப்பா மாரி சங்கிலில கட்டிடுவீங்கன்னு நெனச்சேன். தெனம் மேல ஒக்காந்துக்கினு அதையேதான் நெனச்சேன். இவளுக்கும் அப்டியே பண்ணுது பாரு. ஒரு பிளாஸ்க்குல பண்ணுது பாரு. இது காப்பிக்கா. வெறும் காப்பி."

"காப்பியில இன்னாடா கீது? ஊரே குடிக்குது" என்றாள் அத்தை. ஆனால் குரலில் பழைய சத்தம் இல்லை.

"ஊரு இந்த மாரியா குடிக்குது?" அப்பா அம்மாவிடம் திரும்பினார். "ஏம்மே, இவ்ளோ கசப்பா ஏன் போட்ட?"

அம்மா மாமாவைப் பார்த்தாள். நடுங்கும் வாயோடு வார்த்தைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து வந்தன. "நீங்க தூங்கிடுவீங்கன்னுதாங்க. மேல நீங்க கண்ண மூடினா கீழ இவன் நிக்கிறான். பால்காரரு சொன்னதுலேருந்து எனக்கு வேற நெனப்பே இல்ல. உங்கள நம்பலன்னு ஆயிடுமேன்னு சொல்லல. நீங்க ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பயப்படுவன்னுதான்."

"நான் எப்ப பயப்படாம இருந்தேன்?" என்றாள் அம்மா.

மாமாதான் முதலில் எழுந்தான். மச்சானுக்கு உடம்பு சரியில்லை, இன்றைக்கு வேறு ஆளை மேலே ஏற்றுங்கள் என்று தானே போய்ச் சொல்வதாகச் சொன்னான். அதற்கப்புறம் அப்பாவைக் கொஞ்ச நாள் கீழே வைத்திருந்தார்கள் என்பதும், பிறகு அவர் மறுபடி ஏறினார் என்பதும், பக்கெட்டில் நீர்மோர் போனது என்பதும் பின்னால் நடந்தவை. அன்றைக்கு அவன் நொண்டிக்கொண்டே சைக்கிளை உருட்டிப் போனதுதான் எனக்குத் தெரியும். வேலிக்கு வெளியே இருந்த தலைகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. அத்தை வந்து டிரங்குப் பெட்டியின் ஒரு பக்கத்துக் காதைப் பிடித்தாள். அம்மா எழுந்து நகர்ந்துகொண்டாள். பெட்டி உள்ளே போனது. மன்னிப்பு என்ற வார்த்தை எங்கள் வீட்டில் எப்போதும் புழங்கியதில்லை.

அப்பா அன்றைக்குக் காபி குடித்திருக்கவில்லை. அழுத களைப்போ, பயம் விட்ட களைப்போ, வாசற்படியை ஒட்டித் தரையிலேயே சாய்ந்தார். சாய்ந்தவர் வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டார். அம்மாவால் உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. உடம்பெல்லாம் ஆடிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவர் தலைமாட்டில் போய் உட்கார்ந்து, முந்தானையால் ஈ ஓட்டத் தொடங்கினாள்.

மத்தியான சைரன் ஊதியது. ஷிப்டுக்கு நேரமானால் அப்பாவை எழுப்புவது என் வேலை. பழக்கத்தில் நான் அவர் தோளைத் தொடப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை நடுங்கிய நடுக்கத்தில் என் கையும் சேர்ந்து ஆடியது.

"எழுப்பாத" என்றாள். "தூங்கட்டும். எவ்ளோ நேரம் வோணும்னாலும் தூங்கட்டும்."